திருப்பி மாட்டிய அட்டை

ஜூன் 8

அன்புள்ள ரிஜிஸ்டர் அம்மாவுக்கு,

நலம் என்று மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். கடைசியாகக் குடித்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. கை நடுக்கம் நின்றுவிட்டது, இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். பசி எடுக்கிறது. என் அறையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். தூக்கத்தில் வலது காலால் கட்டிலை ஓங்கி உதைப்பார். கேட்டால், "பிரேக்குப்பா" என்கிறார். இந்த மறுவாழ்வு இல்லத்தில் எங்களுக்கு போன் கிடையாது. கடிதம் எழுதலாம், வாங்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆலோசகர் ஒரு பெண். நேற்று என்னைக் கூப்பிட்டு, "உங்க குணத்தை ஒரு ஸ்டாக் எடுங்க. நல்லது கெட்டது ரெண்டையும் மறைக்காம எழுதுங்க. எழுதினதை நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட காட்டுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரி ஸ்டோர்ல ஸ்டாக் எடுத்தவன் நான். ஆனா தனியா எடுத்துப் பழக்கமில்லை" என்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வருஷத்தில் நாலு நாள் ஸ்டோரைச் சாத்திவிட்டு, நீயும் நானும் அட்டைப்பெட்டி வாசனையும்தான். தட்டுக்குத் தட்டு இருப்பை எழுதித் தொங்கவிட்ட அட்டைகளை எல்லாம் முதலில் எழுத்து தெரியாமல் திருப்பி மாட்டுவோம். எண்ணுகிறவன் கண்ணில் பழைய எண்ணிக்கை பட்டால் விரல் அந்த எண்ணிக்கைக்கே எண்ணும் என்பார் ஸ்டோர் கீப்பர். நான் ஏணியில் ஏறி எண்ணிச் சொல்வேன். நீ கீழே மேசையில் ரிஜிஸ்டரை மாணவி மாதிரி கையால் மறைத்துக்கொண்டு எழுதுவாய். எட்டிப் பார்த்தால் பென்சிலால் என் பாதத்தில் குத்துவாய். முதல் வருஷம் நாலாம் நாள், கடைசித் தட்டும் முடிந்ததும், "இன்னும் ஒரு உருப்படி இருக்கு, எழுதிக்கங்க" என்றேன். "என்னது?" என்றாய். "நான்தான்" என்றேன். நீ நிமிராமலே, "எந்தத் தட்டு?" என்று கேட்டாய். நான் இறங்கி வந்து அட்டைகளை நேராக மாட்ட ஆரம்பித்தேன். ஆனால் ஆறு மாதத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

இந்த ஸ்டாக்குக்கும் நீ ரிஜிஸ்டர் பிடிப்பாயா? என்னைப் பற்றி நீ எழுத வேண்டியதை நீ தனியாக எழுது, எனக்குக் காட்டாதே. நான் இங்கிருந்து எண்ணி அனுப்புகிறேன். ஒத்துப்போகிறதா என்று நீயே பார்த்துச் சொல்.

செப்டம்பர் 15 அன்று என்னை அனுப்புவார்கள். எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
ஏணிக்காரன்


ஜூன் 17

அன்புள்ள ஏணிக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து பரவாயில்லை. போன வருஷம் எரிவாயுப் புத்தகத்தில் நீங்கள் போட்ட கையெழுத்தை இன்னும் வைத்திருக்கிறேன், நிலநடுக்கத்தில் போட்ட மாதிரி இருக்கும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்கு நர்சிங் இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்தது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. நான் ஆஸ்பத்திரி டோக்கன் கவுண்டருக்கு நேற்றும் தாமதம். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்த்து, மறுபடி பாதி வழியில் அடுப்பு ஞாபகம் வந்து திரும்பினேன். என் வியாதிதான் உங்களுக்குத் தெரியுமே. ஸ்டோரில் நடந்த அந்த பி.பி. கருவி விவகாரத்துக்குப் பிறகு என் கையை நானே நம்புவதில்லை.

ரிஜிஸ்டர் பிடிக்கிறேன். ஆனால் பழைய முறைப்படிதான். என் பட்டியலை உங்கள் அண்ணனே வந்து கேட்டாலும் காட்டமாட்டேன். பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'சத்தம் வருது, நிறைய இருக்கும்' என்று சொல்லக்கூடாது. திறந்து எண்ண வேண்டும். இதில் எனக்கு விளையாட்டு இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் எண்ணிக்கையும் என்னுடையதும் ஒத்துப்போனால் செப்டம்பர் 15 காலை அந்த இல்லத்து கேட்டில் நான் நிற்பேன். வீட்டுக்குச் சேர்ந்தே வரலாம். ஒத்துப்போகாவிட்டால் உங்கள் அண்ணன் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். டிரைவரின் காலுக்கு ஒரு தலையணை வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ரிஜிஸ்டர்


ஜூலை 1

அன்புள்ள ரிஜிஸ்டர் அம்மாவுக்கு,

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போது அழுதேன். டிரைவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் ஒரு மிருகம். உன் வாழ்க்கையை நாசமாக்கினேன். மகளின் குழந்தைப் பருவத்தைத் திருடினேன். உன்னை அடித்தேன். குடும்ப மானத்தைக் காற்றில் பறக்கவிட்டேன். என்னிடம் நல்லது என்று சொல்ல ஒரு பொட்டுக்கூட இல்லை. இந்த பூமிக்குப் பாரமாகத்தான் பிறந்தேன். பூமி பொறுத்தாலும் நீ பொறுத்ததுதான் பெரிது. நீ தெய்வம்.

இதற்கு மேல் எண்ண என்னிடம் ஒன்றும் இல்லை. தட்டு காலி.

பாவி,
எண்ணியவன்


ஜூலை 10

அன்புள்ள ஏணிக்காரருக்கு,

உங்கள் பட்டியலை டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிட்டேன். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

முதலில், நீங்கள் என்னை அடித்ததில்லை. ஒரு தடவை கை ஓங்கினீர்கள், நான் நகர்ந்தேன், சுவர் வாங்கிக்கொண்டது. ஓங்கியது ஓங்கியதுதான், அதை எழுதுங்கள். இல்லாத சரக்கை எழுதிக் காட்டினால் அதுவும் பொய்க் கணக்குத்தான் என்று ஸ்டோர் கீப்பர் எத்தனை முறை சொல்லியிருப்பார்.

'குழந்தைப் பருவத்தைத் திருடினேன்' என்றால் எது, என்றைக்கு? நான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு ஆண்டுவிழாவில் அவள் மரமாக நின்றாள். நீங்கள் வராமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வந்தீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் சும்மா இருந்தபோதெல்லாம் கைதட்டி, "அந்த மரம் என் பொண்ணு!" என்று கத்தினீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அவள் கிளைகளை நீட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். மரம் அழக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தாராம், வீட்டுக்கு வந்துதான் அழுதாள். திறந்து எண்ணுவது என்றால் இதுதான். மிருகம், பாவி எல்லாம் பெட்டியைத் தட்டுகிற சத்தம்.

தெய்வம் என்றும் எழுத வேண்டாம். தெய்வத்துக்குக் குழாய் ஒழுகாது.

நல்லது ஒன்றும் இல்லை என்கிறீர்கள், அதுவும் தப்பு எண்ணிக்கை. என் மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது ஒன்றரை மாதம் எனக்குத் தலை பின்னிவிட்டது யார்? பின்னல் கோணலாக இருந்தது, கவுண்டரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவிழ்க்க மனமே வரவில்லை.

மறுபடி ஏறுங்கள். முன்வரிசையை விட்டுவிட்டுப் பின்வரிசையை எண்ணுங்கள்.

ரிஜிஸ்டர்

பி.கு.: பிளம்பர் வந்தார். சாமான் கொண்டுவரவில்லை என்று போய்விட்டார்.


ஜூலை 24

அன்புள்ள ரிஜிஸ்டர் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஆலோசகரிடம் காட்டினேன். "இவங்க இங்க வேலைக்கு வருவாங்களா?" என்று கேட்டார்.

மரம் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் என் ஞாபகத்தில் அது நான் மகளை உற்சாகப்படுத்திய நாளாக இருந்தது. இத்தனை வருஷமும் நல்ல தட்டில் வைத்திருந்தேன். இப்போது இறக்கி வைக்கிறேன்.

பின்வரிசையில் இருந்தவை இவை. குடித்த நாட்களைவிட, குடிக்கவில்லை என்று சத்தியம் செய்த நாட்கள் அதிகம். சத்தியத்தை எப்போதும் மகள் தலையில்தான் அடித்தேன். தெருவில் எல்லோருக்கும் நான் தமாஷ்காரன், சிரிப்பையெல்லாம் வெளியே விட்டுவிட்டு வீட்டுக்கு முகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வருவேன். மன்னிப்புக் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பேன், நீ உடனே மன்னிக்காவிட்டால் நான்தான் கோபித்துக்கொள்வேன். உன் தம்பி குடிக்காமல் இருப்பது எனக்கு எரிச்சல். அவன் வீட்டு விசேஷத்தில் வேண்டுமென்றேதான் குடித்தேன். உனக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு இரண்டு டிகிரி கூடுதல் என்பேன். கை ஓங்கினேன், அது சுவரில் பட்டது என் புண்ணியமில்லை, நீ நகர்ந்ததால். ஏதாவது தப்பு நடந்தால் நான் முதலில் பார்ப்பது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று.

நல்லதும் இருக்கிறது, கூச்சத்தோடு எழுதுகிறேன். பாத்திரத்தைப் பளபளவென்று தேய்ப்பேன். நோயாளிகளைச் சிரிக்க வைப்பேன். கோணலாகப் பின்னுவேன். உயரத்துக்குப் பயந்ததில்லை.

இவ்வளவுதான் கண்ணில் பட்டது.

எண்ணியவன்


ஆகஸ்ட் 3

அன்புள்ள ஏணிக்காரருக்கு,

இந்தத் தடவை படித்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பட்டியலை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக டிக் போட்டேன். என்னுடையதில் பதினொன்று. பதினொன்றும் உங்களுடையதில் இருக்கிறது. சொல் வேறு, சரக்கு ஒன்றுதான். என் தம்பி விஷயத்தை நீங்களாக எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

ஒத்துப்போய்விட்டது. 15ஆம் தேதி காலை பத்து மணிக்கு கேட்டில் இருப்பேன். மகளும் வருகிறேன் என்கிறாள். உங்கள் நாற்காலியை வெயிலில் காயவைத்து முன் அறையில் போட்டாயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, மறைப்பானேன்.

நீங்கள் இவ்வளவு எண்ணிய பிறகு நான் மட்டும் சும்மா இருப்பது நியாயமில்லை. எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாகத் தொண்டையில் இருக்கிறது.

அந்த பி.பி. கருவிகள். மேல்தட்டில் ஒன்பதுதான் இருந்தன, ரிஜிஸ்டரில் நான் இருபத்து நாலு என்று எழுதினேன். நீங்கள் ஒன்பது என்று சொன்னது என் காதில் விழுந்ததாகவே ஞாபகமில்லை. மகளுக்கு ஜுரம், இரண்டு நாள் தூங்கவில்லை. பக்கத்துக் கட்டத்தில் இருந்த பழைய எண்ணைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறேன், வேறு என்ன? என்னை கவுண்டருக்கு மாற்றினார்கள், அது சரிதான். ஆனால் உங்களையும் அன்றிலிருந்து ஸ்டோரில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அந்த வருஷத்திலிருந்துதான் உங்கள் குடி கட்டு மீறியது. என் பேனாவால்தான் இந்த வீடு இப்படி ஆயிற்று என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் தெரியுமா? உங்களிடம் கேட்கவும் பயம். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நிம்மதியாக வந்து கேட்டில் நிற்பேன்.

ரிஜிஸ்டர்

பி.கு.: குழாய் சரியாகிவிட்டது.


ஆகஸ்ட் 14

அன்புள்ள ரிஜிஸ்டர் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. நீ கேட்ட அந்த ஒரு வரியை முதல் நாளே எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு கிழித்தேன். டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கணக்கு டேலி ஆயிடுச்சு, வீட்டம்மா வராங்க, நாற்காலிகூடப் போட்டாச்சு. இனிமே எதுக்குய்யா கிளறுற? வண்டி டிப்போவுக்குள்ள வந்தாச்சு, எறங்கிப் போய்யா" என்றார். ஆலோசகரிடம் சொன்னேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

உன் பட்டியலில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அது உன் பட்டியலில் இல்லாததற்குக் காரணமும் நான்தான்.

நீ தப்பாக எழுதவில்லை.

அன்று காலை ஸ்டோருக்கு வருவதற்கு முன்பே குடித்திருந்தேன். மேல்தட்டுக்கு ஏறும்போது ஏணி ஆடுகிறது என்று உன்னைப் பிடிக்கச் சொன்னேன். ஏணி ஆடவில்லை. பெட்டிகளை இறக்கித் திறந்து எண்ண என் கைக்குத் தெம்பில்லை. திருப்பி மாட்டியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்து நாலு என்று இருந்தது. "இருபத்து நாலு" என்றேன். நீ கீழே இருந்து, "சரியா பாத்தீங்களா?" என்று கேட்டாய். "பாத்தேம்மா" என்றேன். நூற்றுக்கணக்கான உருப்படிகளில் இது உனக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை. எனக்கு இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து வார்டில் பத்துக் கருவி கேட்டார்கள். ஏறிப் பார்த்தால் ஒன்பது. ஸ்டோர் கீப்பர் நம் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார். எண்ணியவன் தப்பா, எழுதியவர் தப்பா என்று. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். நீ இருந்தாய். "நான் ஒம்பதுன்னுதான் சார் சொன்னேன்" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். எத்தனையோ முறை என்னைச் சந்தேகமாகப் பார்த்த நீ, அன்று என்னை நம்பினாய், உன்னையே சந்தேகப்பட்டாய். "நான்தான் தூக்கக் கலக்கத்துல பழைய நம்பரைப் பாத்து எழுதிட்டேன் சார்" என்று நீ சொன்னபோது எனக்கு வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, அதைக் குடித்துக் கரைத்தேன். என் குடி அந்த வருஷம் கட்டு மீறியது என்கிறாயே, காரணம் இதுதான். உன் பேனா இல்லை.

அதற்குப் பிறகு நீ பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாய். நான் தெருவில் நின்றுகொண்டு, "போதும் வாம்மா, பூட்டு கழண்டு வந்துடப் போகுது" என்று கிண்டல் செய்திருக்கிறேன். காரணம் தெரிந்தே செய்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன். எண்ணிக்கை மட்டும் சொல்கிறேன். அட்டையைப் பார்க்காமல் சொல்கிறேன்.

எண்ணியவன்


ஆகஸ்ட் 31

அன்புள்ள ரிஜிஸ்டர் அம்மாவுக்கு,

பதில் இல்லை. வர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மகளையாவது ஒரு வரி எழுதச் சொல். குடித்து நூற்றிருபத்தைந்து நாள் ஆகிறது. முந்தாநாள் மனசு குடியை ரொம்பத் தேடியது. டிரைவரும் நானும் முற்றத்தில் பதினாறு சுற்று நடந்தோம்.

எண்ணியவன்


செப்டம்பர் 10

ஏணிக்காரருக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்த போதெல்லாம் பேனா தாளைக் கிழித்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினோரு வருஷம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தெருமுனையிலிருந்து திரும்பியிருக்கிறேன். டோக்கன் கிழித்துக் கொடுத்துவிட்டு, வாங்கியவரைக் கூப்பிட்டு மறுபடி வாங்கிப் பார்த்திருக்கிறேன். மகளுக்கு மருந்து ஊற்றிவிட்டு, சரியான மருந்துதானா என்று முகர்ந்து முகர்ந்து பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் நீங்கள் எண்ணவில்லை, ஏனென்றால் இவை என் தட்டில் இருந்தன.

மகளிடம் சொன்னேன். "அப்போ நீ சரியாத்தான் எழுதினியாம்மா?" என்றுதான் முதலில் கேட்டாள். உங்களைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் ஸ்டோருக்குப் போனேன். பதினோரு வருஷமாக அந்தக் கதவுப் பக்கம் போனதில்லை. புதிதாக வந்திருக்கும் பெண் பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். தூக்கக் கலக்கத்தில் எழுதியது, கிறுக்கலாகத்தான் இருக்கும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். நீங்கள் பார்க்க வேண்டும். வரிக்கு வரி நேராக, அடித்தல் திருத்தல் இல்லாமல், அச்சடித்த மாதிரி இருந்தது. பக்கத்தின் கீழே 'எண்ணியவர்' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்துத்தான் ஆடியிருந்தது. அன்றைக்கே எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம், "இது என் கையெழுத்தும்மா" என்றேன். "அழகா இருக்குக்கா" என்றாள். அங்கேதான் அழுதேன்.

15ஆம் தேதி நான் வரவில்லை. உங்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவர் வருவார். மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் சட்டைகளை இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இது தண்டனை இல்லை என்று எழுதத் தொடங்கினேன். கொஞ்சம் தண்டனையும்தான், உண்மையையே எழுதுவோம். நாற்காலியைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உங்களை உட்காரவைத்துவிட்டு நான் எங்கே போவேன்?

மறைத்திருந்தால் நான் வந்து கேட்டில் நின்றிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினீர்கள். அதையும் நல்ல பக்கத்தில் எழுதிவிட்டேன், பின்னலுக்குக் கீழே. ரிஜிஸ்டர் பிடிப்பவள் வந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

எந்தத் தட்டு என்று அன்றைக்குக் கேட்டேன் அல்லவா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன், தூக்கிப் போடவில்லை. குடிக்காமல் இருங்கள். மகள் தீபாவளி பொங்கல் என்று எதற்கும் காத்திருக்கமாட்டாள், தோன்றினால் மாடி அறைக்கு வருவாள். அவளுக்கு நீங்களே எல்லாவற்றையும் சொல்லுங்கள், மரத்திலிருந்து தொடங்குங்கள்.

இன்று காலை வீட்டைப் பூட்டினேன். ஒரே தடவை. தெருமுனையில் வழக்கம்போலக் கால் நின்றது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

இப்படிக்கு,
சரியாக எழுதியவள்